சுருளி தின்ற சீர்

கருங்கொம்பையிலிருந்து சங்குமுனைக்கு இருபது நிமிஷம் என்று அறிவித்த அன்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? கருங்கொம்பை மலையுச்சியில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, மேகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற சிற்றூர். சங்குமுனை, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற மணல்மேட்டு ஊர். காக்கை பறந்தால் தூரம் பெரிதில்லை. மனிதன் போவதென்றால் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி இறங்கி, மூன்று பஸ் மாறி, ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கி, விடிந்தபின் உப்பு லாரி ஏதாவது வந்தால் கை காட்டி ஏறி, அதற்கு அப்புறமும் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது எதற்கு வந்தோம் என்பதே மறந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு ஊருக்கு நடுவே பறக்கிற வண்டி விடுகிறோம், ஓடுபாதைகூட வேண்டாம், அங்கே ஒரு மேடை இங்கே ஒரு மேடை போதும் என்று ஒரு கம்பெனி வந்து சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் மேடை எழும்பிவிட்டது. ஒருநாள் அதன்மேல் தகர நிறத்தில், வெட்டுக்கிளி மாதிரி பின்னங்கால் இரண்டும் மடங்கி உயர்ந்த ஓர் ஊர்தி வந்து குந்தியது. பார்த்த மாத்திரத்தில் ஊர் அதற்குத் தத்துக்கிளி என்று பேர் வைத்துவிட்டது. மேல்தட்டில் ஆட்கள் உட்கார இருக்கைகள், கீழ்த்தட்டில் சாமான். சில மாதங்கள் கல்லையும் கம்பிக்கட்டையும் மட்டும் ஏற்றித் தாவவிட்டுப் பார்த்தார்கள். இங்கே ஏற்றிய கம்பிக்கட்டு, ஏற்றியவன் டீ ஆறுவதற்குள் சங்குமுனையில் இறங்கிவிட்டது என்று செய்தி வரும். அப்போதுதான் ஊர் சிரிப்பை நிறுத்தியது.

அந்தக் கம்பிக்கட்டை ஏற்றியவன் சுருளி. ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துபோன ஆள். விடிந்தால் மண்டி, வெயில் ஏறினால் மேடை, மேடை முடிந்தால் யார் வீட்டுக்காவது விறகு. நாலு தெருவிலும் யாராவது ஒருவர் "ஏ சுருளி!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தனக்கென்று குடும்பம் இல்லை. அக்கா பஞ்சவர்ணம், அக்கா மகள் தர்ஷினி, அவ்வளவுதான். அக்கா புருஷன் போய்ச் சேர்ந்தபின் தர்ஷினியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்தான்.

அந்தத் தர்ஷினிக்குச் சங்குமுனையில் மாப்பிள்ளை அமைந்தது. பேர் இசக்கிதுரை, சரக்குக் கப்பலில் வேலை. இரண்டு பேரும் போனில் பேசியதுதான், முகம் பார்த்துப் பேசியதில்லை. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயித்திருந்த நிலையில் கப்பலிலிருந்து சேதி வந்தது: ஒரே ஒரு நாள்தான் கரையில் விடுவார்கள், அன்று பொழுதடைவதற்குள் துறைமுகத்தில் நிற்க வேண்டும், பிறகு பதினோரு மாதம் கடல். முகூர்த்தத்தை அந்த ஒரே நாளுக்கு இழுத்து வைத்தார்கள். மலைப்பாதையிலோ மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது.

"தத்துக்கிளி இருக்குல்ல!" என்றாள் பஞ்சவர்ணம்.

ஆக, தத்துக்கிளியின் முதல் பயணிகள் ஓட்டமே தர்ஷினி கல்யாணம்தான். அன்றைக்குக் கருங்கொம்பையில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. மேடையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள் படியேறியபோது தோட்டத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். சுருளி தாய்மாமன் சீரை ஒவ்வொரு தட்டாகக் கீழ்த்தட்டில் இறக்கினான். பச்சை மாறாத வாழைத்தார்கள், இளநீர்க் குலைகள், அதிரசப் பானை, முறுக்குக் கூடை, லட்டு, பூ, மணப்பெண்ணுக்குப் பட்டு, நெற்றியில் கட்டுகிற பட்டம். இதெல்லாம் சேர அவனுக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சீர் இல்லாமல் தாய்மாமன் வந்தால் அந்தப் பேச்சு பெண்ணின் காலம் உள்ளவரை அவளைத் துரத்தும்.

ஊர்தியைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் பர்ஹானா, கீழ்த்தட்டுக் கதவோரம் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கீழ ஆடு, கோழி, நாய் எதுவும் ஏத்தக் கூடாது. சொல்லிட்டேன்!"

"கல்யாணத்துக்குப் போற வண்டியில ஆட்ட ஏத்துவாகளா? அம்புட்டு அறிவில்லாமயா இருக்கோம்?" என்று பெண்கள் சிரித்தார்கள். அசிங்கம் பண்ணிவிடும் என்றுதான் சொல்கிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் தவிலால் வந்தது. தவில்காரர் கோட்டைச்சாமி தன் தவிலைக் கீழே போட மறுத்துவிட்டார்.

"இது வாத்தியம்யா. மூட்டையோட மூட்டையா உருட்டிவிட இதென்ன அரிசியா? எம்பக்கத்துல ஒரு சீட்டு போடுங்க."

தவிலுக்கு ஓர் இருக்கை போனது. எண்ணிப் பார்த்தால் சுருளிக்கு இடமில்லை.

"டேய் தம்பி, தாய்மாமன் இல்லாம பொண்ண எப்படிடா மணையில உக்கார வைக்கிறது?" பஞ்சவர்ணத்துக்குக் குரல் உடைந்தது.

"அழுகாதக்கா. நான் கீழ சீரோட சீரா வாரேன். மண்டி லாரியில மூட்டை மேல படுத்து எத்தன தடவ மலை இறங்கியிருக்கேன்? இது இருபது நிமிசந்தான."

"அந்த இன்ஜினியர் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோடா."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். கேக்காம விட்டா ஒண்ணும் சொல்லாதுல்ல?"

பர்ஹானா மேலே இயக்குகிற அறைக்குப் போன சமயம் பார்த்து அவன் வாழைத்தாருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். கதவு மூடிக்கொண்டது. உடம்பு ஒருமுறை கனத்து, ஒருமுறை லேசானது. தாவிவிட்டது! சுருளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேகத்துக்குள் மல்லாந்து படுத்துப் போகிறான் கருங்கொம்பைச் சுருளி!

சிரித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

விழித்தபோது இன்னும் இருட்டு. வந்துவிட்டோம், ஆட்கள் கதவைத் திறக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தான். போனைத் தடவி எடுத்துப் பார்த்தால் ஏறி வெகுநேரம் ஆகியிருந்தது. சிக்னல் இல்லை. காதை மேல்தகட்டில் வைத்துக் கேட்டான். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தகடு மட்டும் மெதுவாக, மிக மெதுவாக அதிர்ந்து தணிந்தது. பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவது போல. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவன் நாலு பாட்டுப் பாடிவிடலாம்.

தட்டினான். கத்தினான். இரண்டு கையாலும் அடித்தான். இளநீர்க் காயால் அடித்தான். பதில் இல்லை.

வழி தவறிக் கடலுக்கு மேலே போய்விட்டார்கள் என்று நினைத்தான். பிறகு, எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்தான். அதற்கப்புறம் பசி வந்து நினைப்பையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

சீரில் கை வைப்பதா? முதலில் மாட்டேன் என்றுதான் இருந்தான். போன் விளக்கும் செத்தபின், பானைக்குள் கை விட்டு அடியிலிருந்து ஒரே ஒரு அதிரசம் எடுத்தான். மேலே இருப்பதைக் கலைக்காமல் எடுத்தால் திறந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா? அடுத்த தடவை இரண்டு எடுத்தான். இளநீர் சீவ அரிவாள் குலையோடுதான் கட்டியிருந்தது, அதனால் பிழைத்தான். ஓரமாகச் சாக்குகளை அடுக்கி ஒரு மறைப்புச் செய்துகொண்டான். அந்த மறைப்பைப் பற்றி மட்டும் பின்னாளில் அவன் யாரிடமும் விவரம் சொன்னதில்லை.

தூங்கினான், எழுந்தான், தூங்கினான். ஒருமுறை எழுந்தபோது இருட்டே இனித்தது. வாழைப்பழ வாசம்! தடவிப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்த காய்கள் கனிந்து தோல் மெத்தென்றிருந்தது. பூக்கூடையில் கை விட்டால் மல்லிகை பொடியாக நொறுங்கியது. தாடையைத் தடவினான். நறநறவென்று தாடி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாள் போய்க்கொண்டிருக்கிறது! முகூர்த்தம் எப்போதோ தாண்டிவிட்டது. தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறியிருக்கும். இல்லையென்றால் ஏறாமலே போயிருக்கும், மாப்பிள்ளை கப்பலுக்குப் போயிருப்பான், தர்ஷினி மாலையோடு நின்றிருப்பாள். அந்த இருட்டில் அவன் வாய்விட்டு அழுதான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அழுவதில் ஒரு சௌகரியம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழலாம்.

அழுது முடித்தபின் ஒரு விசித்திரம் நடந்தது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மூட்டை இல்லை, விறகு இல்லை, "ஏ சுருளி!" இல்லை. புத்தி தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு அப்படி ஒரு பொழுது வாய்த்ததே கிடையாது. தூக்கத்துக்கே சலித்துப்போகிற வரைக்கும் தூங்கினான். பசித்தால் இரண்டு பழம், விக்கினால் இளநீர். மறந்துபோன பாட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒருநாள், அது நாள்தானோ என்னவோ, சோம்பல் முறித்தபோது வலது தோள் வலிக்கவில்லை. இத்தனை வருஷமாக உள்ளே குத்திக்கொண்டிருந்த முள்ளை யாரோ எடுத்துவிட்டது போல இருந்தது. தர்ஷினி அங்கே என்ன ஆனாளோ என்ற நினைப்பு ஒரு பக்கம் அறுக்க, இந்தப் பக்கம் உடம்பு தன்பாட்டுக்குச் சந்தோஷப்பட்டது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. குளிர் அடித்த வேளையிலும் பட்டுச்சேலையை மட்டும் தொடவில்லை.

கடைசி இளநீரும் தீர்ந்து, லட்டுக் கூடையின் அடியில் தூளை நக்கிக்கொண்டிருந்தபோது உடம்பு ஒருமுறை கனத்தது.

கதவு திறந்தது. கடல்வெயில் கத்தியாய்க் கண்ணில் பாய்ந்தது. நாயனமும் தவிலும் காதை அடைத்தன.

"யாருடா இவன்? பிச்சைக்காரன் எப்படிடா உள்ள ஏறினான்?" என்று அலறியவள் பஞ்சவர்ணம்தான்.

சுருளி தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். "அக்கா... கல்யாணம் முடிஞ்சு போச்சா?"

"சுருளியா? ஐயோ, என்னடா கேக்குற? இப்பத்தானடா இறங்குறோம்! ஏறி உக்காந்து நாயனக்காரர் ஒரு பாட்டு வாசிச்சாரு, அது முடியல, வந்துருச்சு!"

"நடுவுல குளவி மாதிரி ஏதோ கொய்ங்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அம்புட்டுத்தான்" என்றார் கோட்டைச்சாமி.

தர்ஷினி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, தாடியும் மீசையுமாக அழுக்கேறிக் கிடந்த மாமனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள் மாப்பிள்ளையின் தாய் உலகம்மாள். சங்குமுனையில் அவள் வாய்க்குப் பயந்து கடலே கொஞ்சம் தள்ளி அலை அடிக்கும் என்பார்கள். கீழ்த்தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். வாழைப்பழத் தோல், சீவிய இளநீர்க் கூடு, கவிழ்ந்து கிடந்த அதிரசப் பானை.

"இதுதான் உங்க மலைநாட்டுச் சீராவே?" என்றாள். "இருபது நிமிசத்துல தார் தாரா பழத்தையும் பானையோட அதிரசத்தையும் தின்னு தீத்திருக்காரு தாய்மாமன்! மனுசனா, கோயில் யானையா?"

சங்குமுனைக் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பஞ்சவர்ணம் தலைகுனிந்து நின்றாள். தர்ஷினியின் கண் நிறைந்தது.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினாள் பர்ஹானா. மேலேயிருந்து இறங்கி ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளுத்திருந்தது. "அவரு பொய் சொல்லல. அண்ணே, எத்தன தடவ தூங்கி எழுந்தீங்க?"

"எண்ணலம்மா. நெறைய."

"தாடியப் பாத்தா பத்து நாளாச்சும் இருக்கும்." அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தூரத்துக்குன்னு ஒரு நேரம் இருக்குண்ணே. அத அழிக்க முடியாது. நாங்க செஞ்சது அத மேலேயிருந்து கீழ தள்ளுறது மட்டுந்தான். மேல குறையக் குறைய கீழ கூடும், குறைஞ்சத விட எத்தனையோ மடங்கு கூடும். கல்லு, கம்பிக்கு நாள் போனா என்ன? அதான் உயிருள்ளது ஏத்தாதீங்கன்னு சொன்னேன். ஆடு, கோழின்னு சொன்னேன். மனுசன் ஏறுவாருன்னு நெனைக்கலியே..."

"அப்ப," என்றாள் தர்ஷினி மெதுவாக, "நாங்க மேல சிரிச்சுக்கிட்டு மிச்சம் பிடிச்சது எல்லாம், எங்க மாமா கீழ ஒத்தையில கழிச்சதா?"

வெள்ளைச்சட்டை போட்ட கம்பெனி மேலாளர் குறுக்கே வந்து, "சின்ன அசௌகரியம்தான். வெளியே பேச வேண்டாம்" என்று கையைப் பிசைந்தார்.

"அந்தப் பத்து நாள் உங்க ஆயுசுல போயிருச்சுண்ணே. திருப்பித் தர முடியாது" என்றாள் பர்ஹானா.

சுருளிக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. "முகூர்த்தம் இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

"தாலி இன்னும் கட்டல?"

"கட்டல."

"பெறகென்ன!" அவன் குதித்து எழுந்தான். "ஏ கோட்டைச்சாமி, அடிய்யா தவில! நான் நேரத்துக்கு வந்துட்டேன்!"

உலகம்மாள் ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு அவன் தாடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் "ஆ" என்றான்.

"நெசந்தாம்" என்று கூட்டத்துக்கு அறிவித்தாள். பிறகு குரலைத் தணித்து, "ஆனாலும் வெறுந்தட்டோட ஊருக்குள்ள வந்தா நாளைக்கு உம்ம பிள்ளையத்தான்வே பேசுவாளுவ. எனக்கு மட்டுந்தாம் வாய் இருக்குன்னு நெனைக்காதேயும், இந்த ஊருக்கு என்னவிடப் பெரிய வாய்."

"பொழுதடையறதுக்குள்ள சீர் வரும் சம்பந்தியம்மா" என்றான் சுருளி. எதை வைத்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

பட்டமும் பட்டும் பத்திரமாக இருந்தன. தாடியோடே போய்ப் பட்டம் கட்டினான். இசக்கிதுரை தாலி கட்டினான். பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுருளி மோர் ஊற்றிக்கொண்டே வந்தவன், இரண்டு பேரும் இலையில் கை வைக்காமல் இருப்பதைப் பார்த்தான்.

"கார் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள் தர்ஷினி.

"வெயில் சாஞ்சதும்."

"போன்ல பேசுறப்ப உங்க மூக்கு இவ்வளவு பெருசுன்னு தெரியல."

"நல்லாப் பாத்துக்க. பெறகு பதினோரு மாசம் கழிச்சுத்தான்."

சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. சுருளி மோர்வாளியை அப்படியே வைத்துவிட்டு மேடைக்கு ஓடினான். மத்தியானம் ஆள் இல்லாமல் ஒருமுறை மலைக்குத் தாவித் திரும்பி வந்து எல்லாம் சரியா என்று பார்ப்பது வழக்கம் என்று அவனுக்குத் தெரியும்.

"கீழ்த்தட்டு காலியாத்தான போகுது?" என்று கேட்டான்.

பர்ஹானா ஒரு கணத்தில் புரிந்துகொண்டாள். "விளையாடுறீங்களா அண்ணே? போயிட்டு வர்றதுக்குள்ள இருபது நாளுக்கு மேல ஆகும் அவங்களுக்கு. ஆயுசுல கழியும்!"

"கழியட்டும் தாயி. பதினோரு மாசம் ஆளுக்கொரு மூலையில கெடக்குறது மட்டும் ஆயுசுல சேராதா?"

"உள்ள ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? கதவத் தட்டினாக்கூட எனக்குக் கேக்காது."

"நான் கஞ்சித்தண்ணி இல்லாம, விளக்கில்லாம இருந்துட்டு வந்திருக்கேன். என்னென்ன வேணும்னு எனக்குத் தெரியும். அவுகளக் கேப்போம். வேணாம்னா விட்டுருவோம்."

கேட்டார்கள். தர்ஷினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க நம்மள யாராச்சும் கூப்பிடுவாங்களா மாமா?"

"ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க ஆத்தா."

அவள் இசக்கிதுரையைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தான்.

அதுவரை சங்குமுனை அப்படி ஓர் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. உலகம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும் முதலில் திட்டினாள், பிறகு யோசித்தாள், பிறகு "கருவாடு வைக்காம எப்படிவே அனுப்புதது?" என்று பாய்ந்தாள். தண்ணீர்க் குடங்கள், அரிசி, அடுப்பு, விளக்கு, மெத்தை, சீட்டுக்கட்டு, மருந்து, மூடி போட்ட வாளிகள். வாளியைச் சுருளிதான் வற்புறுத்தி ஏற்றினான். ஒவ்வொன்றையும் பெண்கள் தாம்பாளத்தில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். சீர் போவது போல வரிசையாக. கோட்டைச்சாமி கேட்காமலே தவிலை எடுத்துவிட்டார்.

பர்ஹானா கதவோரம் வந்து நின்றாள். கீழ்த்தட்டுக்குள் பார்க்காமல், கடலைப் பார்த்தபடி கேட்டாள்:

"ஆடு, கோழி, நாய் ஏதாவது?"

"இல்லம்மா" என்றான் சுருளி.

"சரி." அவள் மேலே ஏறிப் போய்விட்டாள்.

தத்துக்கிளி தாவியது. சுருளி மேடைக்குக் கீழே மணலில் உட்கார்ந்தான். வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள், வாயிலேயே வைத்திருந்தான், மெல்லவில்லை. உலகம்மாள் ஒரு தென்னைக்கும் இன்னொரு தென்னைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "எம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, அந்தத் தாடிய வேரோட பிடுங்கிருவேம்" என்றாள். "பிடுங்குங்க" என்றான் அவன். அந்தக் காத்திருப்பு, இருட்டில் கிடந்த நாட்களைவிட நீளமாக இருந்தது அவனுக்கு.

ஊர்தி வந்து குந்தியது. சுருளிதான் கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து முதலில் வந்தது சண்டைச் சத்தம்.

"...உப்பு போடாதீங்க, உப்பு போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? கருவாட்டுலயே உப்பு இருக்குல்ல?"

"கப்பல்ல இருபது பேருக்கு ஆக்கிப் போடுதவன் நான்."

"அந்த இருபது பேரும் பாவம்!"

இறங்கினார்கள். அவனுக்குத் தாடி. அவள் கல்யாணக் கொண்டையை எப்போதோ அவிழ்த்துச் சாதாரணப் பின்னல் போட்டிருந்தாள். அவன் சட்டைக் காலரை அவள் பேச்சோடு பேச்சாக, பார்க்காமலே சரிசெய்துவிட்டாள். வெளிச்சத்துக்குக் கண் பழகியதும்தான் கூட்டம் நிற்பதைப் பார்த்து இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உலகம்மாள் பேசவே இல்லை. சங்குமுனை வரலாற்றில் அது முதல் தடவை.

வெயில் சாய்ந்ததும் கார் வந்தது. போகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான், அவள் அழவில்லை. "மாத்திரைய மறக்காதீங்க! ஈரத்தலையோட படுக்காதீங்க!" என்று கார் மறைகிற வரைக்கும் கத்திக்கொண்டிருந்தாள், ரொம்ப காலம் குடித்தனம் நடத்தியவள் மாதிரி.

மறுவாரமே கம்பெனி கீழ்த்தட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டது. எங்கள் ஊர்தியின் கீழ்த்தட்டில் மனிதர் யாரும் எக்காலத்திலும் பயணம் செய்ததில்லை என்று அறிவித்தது. பர்ஹானாவை வேறு ஊருக்கு மாற்றியது. அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தர்ஷினிக்கு மசக்கை கண்டது.

மேடையில் நின்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், பார்க்காதவர்கள் நிறையப் பேர். நாளாக ஆக, பார்த்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் தாலி கட்டினான், பொழுதடையக் கார் ஏறினான், ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை, கணக்கு உதைக்கிறதே என்று சங்குமுனையில் தண்ணீர்க் குழாயடி முழுக்க அதே பேச்சு. கம்பெனியே இல்லை என்கிறதே!

வளைகாப்பு நாள் வந்தது. கருங்கொம்பையிலிருந்து சுருளி வந்திருந்தான். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை, வாசற்பந்தலில் நின்றான். உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். வளையல் தட்டு நடுவில் இருந்தது. யாரும் முதலில் எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற சுருளிக்கு அது புரிந்துவிட்டது. தாடி வைத்த மாமன் கொண்டுவந்த இருபது நாள் சீர் இதுதானா? பிள்ளையின் பேரைக் கெடுத்த சீரா?

அப்போது உலகம்மாளின் குரல் கேட்டது.

"ஏட்டி தர்ஷினி. எம் மவன் தூங்கும்போது என்ன செய்வான்?"

"என்னத்தே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சத்தமாச் சொல்லு."

தர்ஷினியின் குரல் கூச்சத்தோடு தொடங்கி, போகப் போகக் கூச்சம் விட்டுப்போனது. "பல்லக் கடிப்பாரு அத்தே. நறநறன்னு. வலது பக்கமாப் புரட்டிவிட்டா நிறுத்திருவாரு. விடியக்கருக்கல்ல மட்டும், 'படகத் திருப்பு, படகத் திருப்பு'ன்னு பெனாத்துவாரு. அவுக அப்பா கடல்ல போன அன்னிக்கு இவரும் படகுல இருந்தாராமுல்ல. நெஞ்சுல கை வச்சாத்தான் அடங்கும்."

"பெத்தவ எனக்குத் தெரியும்" என்றாள் உலகம்மாள். "இந்த ஊருல வேற ஒருத்திக்கும் தெரியாது. சம்பந்தம் பேசினதுக்குப் பெறகு அவன் ஒரு நாள்தாம் கரையில இருந்தான். ஒரு ராத்திரிகூடத் தங்காதவன் விடியக்கருக்கல்ல பெனாத்துதது இவளுக்கு எப்படிட்டி தெரியும்? கணக்குப் பாக்குதவ இப்பச் சொல்லு, கேப்போம்."

பதிலுக்குத் தட்டில் ஒரு வளையல் குலுங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. கை கையாகக் குலுங்கி, வீடே கலகலத்தது.

கொஞ்ச நேரத்தில் உலகம்மாள் வாசலுக்கு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுருளியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னவே நிக்கீரு? சீர் கொண்டாந்த தாய்மாமன் வாசல்ல நின்னா நல்லாவா இருக்கு? உள்ள வாரும். முதப் பந்தி உமக்குத்தான்."